பிலடெல்பியா கணினிக்கு பிரெஞ்சு வராதாம்

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணிடம் நான் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது. அரை நிமிடப் பேச்சுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினிகளில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவற்றுக்குக் கட்டளை எழுதும் கோபால் (COBOL) என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. நான் 1998-இல் இந்தத் தொழிலுக்கு வந்தவள். 2000-ஆம் வருடம் பிறந்தால் கணினியெல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பதறிக்கொண்டிருந்த நேரம் அது. சென்னையில் எங்கு திரும்பினாலும் கோபால் வகுப்புக்கான பலகை தொங்கும். இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த வருடங்களை நான்கு இலக்கமாக்குவதற்காகவே எங்களைப் போன்றவர்களை அள்ளி எடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்த மொழியை நான் இன்றுவரை விடவில்லை.

அன்று கொடுத்த பயிற்சி, இந்தத் தொழிலின் அரிச்சுவடி. இரண்டு கோப்புகள். ஒன்றில் கையிருப்பு, மற்றதில் விலை. இரண்டுமே பொருள் எண் வரிசையில் அடுக்கியிருக்கும். எண்ணுக்கு எண் பொருத்தி, விலை போட்ட கையிருப்புப் பட்டியல் ஒன்றை எடுக்க வேண்டும். எல்லாரும் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்க, அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண் மட்டும் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். எட்டிப் பார்த்தேன். “இதுல ஒண்ணு எடு. அதுல ஒண்ணு எடு. நம்பர் ஒத்துப்போச்சா, பெருக்கி எழுது, ரெண்டுலயும் அடுத்தது எடு. ஒத்துப்போகலையா, எது சின்ன நம்பரோ அதை ஒதுக்கிட்டு அந்தக் கோப்புல மட்டும் அடுத்தது எடு.” இப்படியே பக்கம் முழுக்க.

“இதெல்லாம் வேண்டாம்மா. முதல்ல இங்கிலீஷ்லயே யோசிக்கப் பழகு. இல்லைன்னா இங்க ரொம்பக் கஷ்டப்படுவே” என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். என்னிடமும் ஒரு காலத்தில் யாரோ அப்படித்தான் சொன்னார்கள். “சரிங்க மேம்” என்று சொல்லி அவள் நோட்டை மூடிவைத்தாள். அந்தப் பக்கத்தில் இருந்த தர்க்கம் ஓரிடம்கூடத் தவறவில்லை என்பதை நோட்டு மூடும் முன்பே நான் பார்த்துவிட்டிருந்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாளாக உறுத்துவது அதுதான்.

ஒரு விட்டில்பூச்சியும் ஒரு பட்டமும்

அடுத்த மார்ச் மாதம், மகளிர் தினத்துக்காகக் கணினித் துறைப் பெண்களைப் பற்றி நாலு பக்கம் தயார் செய்யச் சொன்னார்கள். முதல் பெயர் கிரேஸ் ஹாப்பர், கணினித் துறையின் முன்னோடியான அமெரிக்கக் கடற்படை அதிகாரி. வருடா வருடம் அவர்தான். கூடவே அந்த விட்டில்பூச்சியும் வரும். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் II கணினியில் ரிலே என்ற மின்சுவிட்சு ஒன்றுக்குள் பூச்சி சிக்கி, வேலை நின்றுபோனது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நிஜமாகவே ஒரு பூச்சி கிடைத்த முதல் சம்பவம் என்று பக்கத்தில் எழுதினார்கள். அந்தப் பக்கம் இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூச்சியைக் கண்டுபிடித்தவர் ஹாப்பர் இல்லை. இயந்திரக் கோளாறை இங்கிலீஷில் பூச்சி, அதாவது ‘பக்’ (bug) என்று சொல்லும் வழக்கமும் அன்று பிறந்ததில்லை, எடிசன் காலத்திலேயே உண்டு. வழக்கம் ஏற்கெனவே இருந்ததால்தான் அந்தப் பதிவேட்டு வரி அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஹாப்பர் அந்தக் கதையை மேடைதோறும் சொன்னார், கதை அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு ஒட்டு, “கோபாலின் தாய்” என்ற பட்டம். கோபாலை வரையறுத்தது 1959-இல் கூடிய ஒரு குழு. அதில் உட்கார்ந்து உழைத்த ஜீன் சாமெட் என்ற பெண்மணி இந்தப் பட்டத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. ஹாப்பர் அந்த மொழியை உருவாக்கிய குழுவில் இல்லை, ஆலோசகராக இருந்தார் என்பதே அவர் வாதம். சாமெட் சொன்னது நியாயம். இரவு பகலாக ஆறு பேர் எழுதியதை ஒருவர் கணக்கில் வைப்பது தப்பு. இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் என் நாலு பக்கத்தில் என்ன மிஞ்சும் என்ற கேள்வியோடுதான், 1978-இல் நிரல்மொழிகளின் வரலாறு பற்றிய மாநாட்டில் ஹாப்பர் ஆற்றிய தொடக்க உரையைத் தேடிப் படித்தேன். அதைப் படித்த ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

கணக்கு டீச்சர் கடற்படைக்குப் போகிறார்

ஹாப்பர் 1906-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி, தான் படித்த வாஸர் கல்லூரியிலேயே பேராசிரியர் ஆனவர். அங்கே நிகழ்தகவு வகுப்பில் ஒரு சூத்திரத்தைக் கொடுத்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வாராம். இது கணக்கு வகுப்பா இங்கிலீஷ் வகுப்பா என்று மாணவிகள் முகம் சுளிப்பார்கள். எடுத்துச் சொல்லத் தெரியாவிட்டால் கணக்குப் படித்து என்ன பயன் என்பது அவருடைய பதில். அவர் பிற்காலத்தில் செய்த அத்தனைக்கும் வேர் இந்த வகுப்பறையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை பெண்களை எடுக்கத் தொடங்கியது. ஹாப்பருக்கு வயது கூடுதல். உடம்போ 105 பவுண்டு, அதாவது 48 கிலோ. இருக்க வேண்டிய எடைக்கு 15 பவுண்டு குறைவு. கணிதப் பேராசிரியர்கள் வெளியிலிருந்தே நாட்டுக்கு உதவலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். விடாமல் விதிவிலக்கு வாங்கி, 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார். 37 வயதில், தன் மாணவிகள் வயதுப் பெண்களோடு அணிவகுத்து நடந்து, பயிற்சியில் முதலாவதாகத் தேறினார். 1944 ஜூலையில் ஹார்வர்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்ட் எய்க்கன் என்ற கடற்படை கமாண்டர், இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்ற அதட்டலோடு வரவேற்றார். ஒரு பெரிய இயந்திரத்தைக் காட்டி, அடுத்த வியாழனுக்குள் ஒரு தொடரின் கெழுக்களைக் கணக்கிட்டுக் கொடு என்றாராம். 51 அடி நீளம், 8 அடி உயரம், ஏறத்தாழ 5 டன் எடை, வினாடிக்கு மூன்று கூட்டல். அதுதான் மார்க் I. ஹாப்பர் தன் வாழ்க்கையில் பார்த்த முதல் கணினி அது.

போர்க்காலத்தில் அந்த இயந்திரம் ராத்திரி பகல் ஓயாமல் ஓடியது. காகித நாடாவில் துளை போட்டுத்தான் கட்டளை கொடுக்க வேண்டும். ஹாப்பரும் ரிச்சர்ட் ப்ளாக், ராபர்ட் காம்ப்பெல் என்ற இரண்டு இளைஞர்களும் ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்தார்கள். சைன் கணக்கிட ஒரு துண்டு, வர்க்கமூலத்துக்கு ஒரு துண்டு என்று சரியாக ஓடியதையெல்லாம் அதில் எழுதிவைப்பார்கள். ஒருவருக்கு வேண்டியது இன்னொருவர் நோட்டில் இருந்தால் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பார்த்து எழுதும்போதுதான் ஆபத்து. 4 என்று எழுதியது முக்கோணம் போலத் தெரியும், அதைப் பார்த்து எழுதுபவர் கையில் அது A ஆகும். B என்று எழுதியதை இன்னொருவர் 13 என்று படிப்பார். நிரல் எழுதுகிறவர்களுக்குக் கூட்டவும் வராது, பார்த்து எழுதவும் வராது என்று ஹாப்பர் பின்னாளில் சொன்னது இந்த அனுபவத்தை வைத்துத்தான். பார்த்து எழுதுவதிலும் கூட்டுவதிலும் கெட்டியான ஆள் ஒன்று பக்கத்திலேயே நிற்கிறது, அந்த வேலையை இயந்திரத்திடமே கொடுத்தால் என்ன என்பதுதான் அவருக்கு வந்த யோசனை.

போர் முடிந்ததும் நிரந்தரப் படையில் சேர மனுக் கொடுத்தார். வயதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ரிசர்வ் படையில் மட்டும் இருந்துகொண்டு, 1949-இல் பிலடெல்பியாவில் யூனிவாக் கணினியைக் கட்டிக்கொண்டிருந்த நிறுவனத்துக்குப் போனார். அங்கே முதலில் கையாண்ட ஒரு கணினி, எட்டை அடிமானமாகக் கொண்ட எண்களில் இயங்கியது. பகலெல்லாம் அதிலேயே மூழ்கியிருந்தவருக்கு வீட்டில் பாங்கிக் கணக்கு உதைக்க ஆரம்பித்தது. பாங்கியில் வேலை பார்த்த தம்பி மூன்று ராத்திரி உட்கார்ந்து அலசிக் கண்டுபிடித்தார்: அக்கா நடுநடுவே எட்டின் கணக்கில் கழித்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்துவிட்டது. இயந்திரத்தின் மொழியிலேயே யோசிக்கப் பழகு என்று ஒருவரிடம் சொன்னால் கடைசியில் நடப்பது இதுதான். தன் வீட்டுக் கணக்கே தனக்குப் புரியாமல் போகும். ஹாப்பர் அந்த இடத்தில் தன்னை மாற்றிக்கொள்ளப் பார்க்கவில்லை. மனுஷி ஏன் எட்டில் எண்ண வேண்டும், பத்தில் சொன்னதை இயந்திரம் மாற்றிக்கொள்ளட்டும் என்று யோசித்தார்.

அதிலிருந்து வந்ததுதான் 1952-இல் அவர் முன்வைத்த ஏ-0 கம்பைலர். மனிதர் எழுதியதை இயந்திரக் கட்டளையாக மாற்றித் தரும் நிரலுக்குத்தான் கம்பைலர் என்று பெயர். இன்றைய அளவுகோலில் அது முழுக் கம்பைலர் இல்லை. சேர்த்துவைத்த துணைநிரல்களை, அதாவது அந்த நோட்டுகளில் இருந்த மாதிரித் துண்டுகளை, எண் சொன்னால் எடுத்து, முகவரி திருத்தி, கோத்துக் கொடுக்கும். ஆனால் அதில் அவர் அவிழ்த்த ஒரு முடிச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கும். நிரலில் பின்னால் வரப்போகும் ஓரிடத்துக்குத் தாவு என்று கட்டளை இருக்கிறது. அந்த இடம் இன்னும் நினைவகத்தில் அமையவில்லை, அதன் முகவரி தெரியாது. என்ன செய்வது? ஹாப்பருக்குக் கல்லூரியில் ஆடிய கூடைப்பந்து ஞாபகம் வந்தது. அந்தக் காலப் பெண்கள் விதிப்படி பந்தை ஒருமுறைக்கு மேல் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. தோழியிடம் பந்தை எறிந்துவிட்டு, கூடைக்குப் பக்கத்தில் ஓடி நின்று, அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதேபோல நினைவகத்தின் கோடியில் ஒரு மூலையை ஒதுக்கினார். முன்னால் தாவ வேண்டுமென்றால் இப்போதைக்கு அந்த மூலைக்குத் தாவு. உனக்கு ஒரு சேதி இருக்கிறது என்று ஒரு கொடியைப் போட்டுவை. சேர வேண்டிய துணைநிரல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்ததும் கொடியைப் பார்க்கும், மூலையிலிருந்து தன்னிடம் வர ஒரு தாவலைப் போட்டுக்கொள்ளும். நினைவகத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கு, மைதானத்தில் ஓடிய காலிலிருந்து விடை வந்திருக்கிறது.

சரக்குக் கோப்பு, விலைக் கோப்பு

இனி நான் சொல்ல வந்தது. வியாபாரிகளும் கணக்கர்களும் குறியீடுகளைக் கண்டால் ஒதுங்குகிறார்கள், அவர்கள் பேசும் சொற்களிலேயே கட்டளை எழுத விடலாம் என்று ஹாப்பர் சில வருடங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார். கணினிக்கு இங்கிலீஷ் புரியாது என்று அடித்துச் சொன்னார்கள். 1955 தொடக்கத்தில் நிர்வாகத்திடம் பணம் கேட்டு ஓர் அறிக்கை தயாரித்தார். வெறும் பேச்சாக இருக்கக் கூடாது என்று ஒரு சின்ன மாதிரிக் கம்பைலரையும் ஓட்டிக் காட்ட ஏற்பாடு செய்தார். இங்கிலீஷ் சொற்களில் ஒரு குட்டி நிரல். என்ன நிரல் தெரியுமா? சரக்குக் கோப்பு ஒன்று, விலைக் கோப்பு ஒன்று. பொருள் எண்ணை ஒப்பிடு. ஒத்துப்போனால் விலை போட்டு எழுது. இல்லையென்றால் அடுத்ததைப் படி. படித்துக்கொண்டிருந்த நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெண் பென்சிலால் நோட்டில் எழுதியது இதைத்தான்.

ஹாப்பர் அதோடு நிறுத்தவில்லை. கணினிக்கு இந்தச் சொற்கள் வெறும் புள்ளிக்கோலம், எந்தக் கோலத்தைப் பார்த்தால் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இதைக் கண்ணுக்கு நேராகக் காட்டினால் நிர்வாகத்துக்கு எளிதாகப் புரியும் என்று நம்பி, அதே நிரலை பிரெஞ்சு சொற்களில் ஒருமுறை, ஜெர்மன் சொற்களில் ஒருமுறை எழுதினார். மூன்றுக்கும் ஒரே இயந்திரக் கட்டளைகள் வந்தன. பாராட்டு கிடைக்கும் என்று காத்திருந்தார். எதிர்த்துக் கிளம்பினார்கள். பிலடெல்பியாவில் கட்டிய மரியாதைக்குரிய அமெரிக்கக் கணினிக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்பதுதான் அவர்கள் கட்சி. பிரெஞ்சையும் ஜெர்மனையும் விட்டுவிடுகிறோம், இங்கிலீஷ் மட்டும்தான் என்று சத்தியம் செய்து, அவர்களைச் சமாதானப்படுத்த மாதக்கணக்கில் ஆனதாம். அப்படிப் பிழைத்து வந்ததுதான் ஃப்ளோ-மேட்டிக் என்ற நிரல்மொழி. அதை வைத்துக்கொண்டுதான் 1959-இன் குழு கோபாலை எழுதியது. 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் ஆர்சிஏ என்ற இன்னொரு நிறுவனத்தின் கணினியிலும் யூனிவாக் கணினியிலும் ஓடியது.

இருபது வருடத்துக்கு மேல் நான் தினமும் தட்டிய மொழியில் இங்கிலீஷ் சொற்கள் இருப்பது இயந்திரத்தின் தேவை என்றே நினைத்திருந்தேன். கோபாலின் இலக்கணம் அப்படித்தான் மனதில் பதியும், ஒரு புள்ளி தவறினால்கூடத் துப்பிவிடும். மாற்றக்கூடாத ஒன்றாகவே தோன்றும். அதன் மூலத்தில் நின்ற பெண்மணியோ, எந்த மொழிச் சொல்லும் இங்கே சரிதான் என்று முதல் நாளே மூன்று மொழியில் ஓட்டிக் காட்டியிருக்கிறார். தடுத்தது இயந்திரம் இல்லை, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனிதர்களின் பயம். பயிற்சி அறையில் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். அவர்கள் பதறினார்கள், நான் அன்பாகச் சொன்னேன். நோட்டு மூடப்பட்டது என்னவோ உண்மை.

உலகம் முழுக்க ஓர் இங்கிலீஷ் நிரல்மொழி இருப்பதில் வசதி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. இங்கே எழுதிய நிரலை இன்னொரு கண்டத்தில் ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அந்தத் தொழிலில்தான் நானும் சோறு தின்கிறேன். தமிழிலேயே நிரல் எழுத எழில் போன்ற முயற்சிகளும் நடந்திருக்கின்றன. அலுவலக வேலையை அதில் செய்யச் சொல்லி நான் கேட்க மாட்டேன். ஆனால் யோசனை எந்த மொழியில் பிறக்கிறது என்பது வேறு விஷயம். தர்க்கத்தைக் கண்டுபிடிக்கும் அந்த முதல் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் கையிலிருந்து அவளுடைய மொழியைப் பிடுங்கக் கூடாது.

திரும்பத் திரும்ப அழைத்த படை

ஹாப்பரைக் கடற்படை 1966 கடைசியில், 60 வயதில், ஓய்வுபெறச் சொன்னது. வாழ்க்கையின் மிகத் துயரமான நாள் என்று அதைச் சொல்லியிருக்கிறார். ஏழே மாதத்தில், 1967 ஆகஸ்டில், திரும்ப அழைத்தார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் கோபாலும் ஒவ்வொரு வழக்கில் பேசிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் ஓடிய நிரல் இன்னோரிடத்தில் ஓடவில்லை. அதைச் சீராக்க ஆறு மாதத்துக்கு வாருங்கள் என்றார்கள். அந்த ஆறு மாதம் ஏறத்தாழ இருபது வருடமாக நீண்டது. விற்கிறவர் இது கோபால்தான் என்று வாயால் சொன்னால் போதாது, இந்தச் சோதனை நிரல்களில் தேறிக் காட்டட்டும் என்று சோதனைத் தொகுப்புகளைக் கட்டியெழுப்பினார்கள் அவரும் அவருடைய ஆட்களும். மொழி கண்டுபிடிப்பதைவிட இது கடினம். இதற்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்காதது எனக்குப் பெரிய வருத்தம். வருடா வருடம் விட்டில்பூச்சி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

இன்னொரு பொருள் அவரோடு எப்போதும் இருந்தது: ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான தொலைபேசிக் கம்பித் துண்டு, 11.8 அங்குலம். ஒரு நானோவினாடியில், அதாவது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், மின்சாரம் போகக்கூடிய அதிகபட்ச தூரம் அது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வர ஏன் இவ்வளவு நேரம் என்று ஓர் அட்மிரல் கேட்டால் துண்டை நீட்டி, உங்களுக்கும் அந்தச் செயற்கைக்கோளுக்கும் நடுவே இப்படி எத்தனை எத்தனை துண்டு இருக்கிறது பாருங்கள் என்பார். இளம் நிரலர்களுக்கு, அதைவிட ஆயிரம் மடங்கான மைக்ரோவினாடியைக் காட்ட 984 அடிக் கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். எந்த மேடைக்குப் போனாலும் துண்டுகளைக் கட்டாக எடுத்துப்போய் ஆளுக்கொன்று கொடுப்பார். கணக்கு வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்ன அதே டீச்சர்தான். 1986 ஆகஸ்டில், 79 வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிட்யூஷன் என்ற பழைய கப்பலின் மேல்தளத்தில் ரியர் அட்மிரலாக விடைபெற்றார். அப்போது பணியில் இருந்த கடற்படை அதிகாரிகளில் வயதில் அவரே மூத்தவர். 1992-இன் முதல் நாள் காலமானார்.

அந்த மகளிர் தினத்துக்கு நான் பூச்சிப் படத்தைப் போடவில்லை. ஒரே நிரலை மூன்று பத்தியாகப் போட்டேன். இங்கிலீஷில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று. ஜெர்மன் இருக்க வேண்டிய மூன்றாவது பத்தியில், அந்த நோட்டில் படித்ததை ஞாபகத்திலிருந்து எழுதி வைத்தேன். அவள் அதற்குள் வேறு அணிக்கு மாறிவிட்டிருந்தாள். தேடிப் போய்க் காட்டினேன். அன்று நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “ரெண்டு கோப்புல ஒண்ணு மட்டும் தீர்ந்துபோனா என்ன பண்றதுன்னு நான் அடுத்த பக்கத்துல எழுதியிருந்தேன் மேம், நீங்க அதைப் பார்க்கல” என்றாள்.

அதற்குப் பிறகு வரும் பிள்ளைகளிடம், முதல் நாள் திரையைத் திறக்க வேண்டாம், உங்களுக்கு எந்த மொழி வருமோ அதில் எழுதுங்கள் என்று சொல்கிறேன். போன முறை நெல்லூர்ப் பையன் ஒருவன் தெலுங்கில் எழுதிக் கொடுத்தான். எனக்குத் தெலுங்கு படிக்க வராது. ஆனாலும் வரிகள் எங்கே உள்ளே தள்ளி ஆரம்பிக்கின்றன, எங்கே கிளை பிரிகிறது, எங்கே திரும்ப மேலே போகிறது என்பது தெரிந்தது. கடைசியில் ஏதோ ஒரு கிளை குறைகிற மாதிரி இருந்தது. வாசிக்கச் சொன்னேன். பாதி வாசித்தவன் தானாகவே நிறுத்தி, பென்சிலை எடுத்தான். விலைக் கோப்பு முதலில் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதை அவன் எழுதவில்லை.